கூட்டுரோடு விபத்தில் சாலையையும் விசாரியுங்கள்: ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கூட்டுரோடு பகுதிப் பொதுமக்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தலைவர், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு

பொருள்: அடையாளம் இல்லாத சந்திப்பில் நடந்த விபத்து – சாலைப் பராமரிப்புக்குப் பொறுப்பானவர்கள் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊர்ச் சாலை மாநில நெடுஞ்சாலையில் வந்து சேரும் இடம்தான் கூட்டுரோடு. வெளியூரிலிருந்து காரில் வருகிறவருக்கு, முன்சக்கரம் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் இங்கே சந்திப்பு இருப்பதே தெரியும். புதிதாகத் தார் போட்டபோது பழைய நிறுத்தக் கோடு அடியில் போய்விட்டது; மறுபடி போடவில்லை. ‘நில்’ பலகை கருவேலம் புதருக்குள் நிற்கிறது, அதற்கு முன்னால் பிளெக்ஸ் வேறு. வேகத்தடையில் வெள்ளைப் பட்டை கிடையாது. உயர்கோபுர விளக்கு எரிவதில்லை.

சென்ற மாதம் இரவில் இப்படித் தெரியாமல் நேராக வந்த கார் மீது லாரி மோதியது. காரை ஓட்டி வந்தவருக்கு ஒரு கால் போய்விட்டது. முதல் தகவல் அறிக்கையில் வழக்கம்போல ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டியதாக அவர் மீதே வழக்கு. பலகையைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ ஒரு வரி இல்லை. மறுநாள் டீக்கடைக்காரர் ஒரு தார் டிரம்முக்குச் சுண்ணாம்பு அடித்து, சிவப்புத் துணி கட்டி ஓரத்தில் வைத்தார். இன்றுவரை அங்கே இருக்கிற எச்சரிக்கை அது மட்டும்தான்.

2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 198ஏ சேர்க்கப்பட்டது. சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அரசு அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சாலையின் ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். தெரிந்திருந்தது என்பதற்கு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் இதே சந்திப்புக்காக நாங்கள் கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளே போதும் என்று நினைக்கிறோம்.

அந்த அபராதமும் மோட்டார் வாகன விபத்து நிதிக்குத்தான் போகும், நேராகக் கால் இழந்தவர் கைக்கு வராது. அதனால் இழப்பீட்டைத் தனியாகக் கேட்கிறோம். டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து பலர் இறந்த வழக்கில், பராமரிக்க வேண்டிய மாநகராட்சியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே சொல்லிவிட்டது. மணிக்கூண்டுக்கு ஒரு நியாயம், ரோட்டுக்கு ஒரு நியாயமா ஐயா?

போலீசார் விபத்து விவரம் ஏற்றும் இ-டார் தளத்தில், சாலைப் பொறியாளரும் இடத்தைப் பார்த்துக் குறிப்பு எழுத வசதி உண்டு. இந்த விபத்துக்கு அப்படி எழுதப்பட்டதா என்று கேட்டு, அதன் நகலைப் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்குத் தர வேண்டும். எழுதவில்லை என்றால் தங்கள் குழுவே நேரில் வந்து பார்த்து, 198ஏ-ன் கீழ் வழக்குத் தொடரப் பரிந்துரைக்க வேண்டும். பகலில் வராமல், இரவு ஏழு மணிக்கு மேல் கிளைச் சாலை வழியாகவே காரில் வாருங்கள்.

கோடு, பலகை, வெள்ளைப் பட்டை, ஒளிரும் ஸ்டிக்கர் ஆகியவற்றை சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி உடனே அமைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். அப்புறம், அந்த பிளெக்ஸையும் அகற்றச் சொல்லுங்கள். நாங்கள் கை வைத்தால் கட்சித் தகராறு ஆகிவிடும்.

இணைப்பு: புகைப்படங்கள், முதல் தகவல் அறிக்கை நகல், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகள்.

இப்படிக்கு,
கூட்டுரோடு பகுதிப் பொதுமக்கள்