எனக்குப் பதிலாகப் படித்தவருக்கு

நான் எழுதிய நாடகம் மேடையேறிய பிறகு இணையத்தில் என்னைத் திட்டினார்கள், மிரட்டினார்கள், என் படங்களை மார்ஃப் செய்து போட்டார்கள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று திரும்பவும் சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்தப் படங்களைப் பார்த்திருப்பீர்கள், மீதிப்பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேற்று சாயந்திரம் கடைசி லிங்க்கும் போய்விட்டது. என்னைப் பற்றி வீடியோ போட்ட சேனலும் அதை எடுத்துவிட்டது (மன்னிப்பெல்லாம் இல்லை, சத்தமில்லாமல் எடுத்தார்கள், சரி, அதாவது நடந்ததே). இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன் என்று தோன்றுகிறது.

முதலில் ஒருவரைப் பற்றி. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் நாடகத்தைப் பார்க்க வந்தவர், அதற்கு மேல் எங்களுக்குள் பழக்கம் கிடையாது. ஆளாளுக்கு "தைரியமா இரு", "கண்டுக்காதே" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "கமெண்ட்ஸை நீங்க படிக்காதீங்க மேடம், நான் படிச்சுக்கிறேன். பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், வெளியில தெரியறதை மட்டும் எடுத்துத் தர்றேன்."

கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது என்பது அவருக்கு மட்டும்தான் புரிந்திருந்தது. புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும், ஆதாரம் வேண்டுமென்றால் யாராவது அத்தனையையும் உட்கார்ந்து படித்தாக வேண்டும், வழக்கமாக அந்த யாராவது திட்டு வாங்கியவளேதான். அவருக்குக் கணக்கு எழுதுகிற வேலையாம், அவர் போட்டுத் தந்த ஷீட்டைப் பார்த்தாலே தெரிகிறது. பதிவின் லிங்க், தேதி, நேரம், முழுத்திரை ஸ்கிரீன்ஷாட், அது மிரட்டலா, மார்ஃப் செய்த படமா, வெறும் வசவா என்று ஒரு பத்தி, போட்ட கணக்கின் ஐடி எண்கூட ("பேரை நாளைக்கே மாத்திடுவான் மேடம்"). இதையெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் ரிப்போர்ட் பண்ணவே விட்டார். முதலிலேயே பண்ணிப் பதிவு காணாமல் போய்விட்டால் நம் கையில் ஒன்றும் மிஞ்சாதே. 2021-இல் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ பற்றிச் சொன்னதும் அவர்தான். அந்தரங்கப் படங்களுக்கான சேவை அது, மார்ஃப் செய்ததையும் ஏற்கிறார்கள். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஒரு அடையாள எண் உருவாகி, அந்த எண் மட்டும் அதில் சேர்ந்திருக்கிற நிறுவனங்களுக்குப் போகிறது.

இது வரைக்கும் உதவி. நான் அழுதது அடுத்த ஷீட்டைத் திறந்தபோது. அதற்கு "நாடகம்" என்று பெயர் வைத்திருந்தார். அவ்வளவு குப்பைக்கு நடுவிலும் நாடகத்தைப் பற்றிப் பேசியவர்களைத் தனியாகப் பொறுக்கி வைத்திருக்கிறார். மூன்றாவது காட்சியில் தங்கை கடிதத்தைப் பிரித்துவிட்டுப் படிக்காமலே மடித்து வைக்கிறாளே, ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், "கடைசிக் காட்சி சரியான இழுவை, அப்பா பேசுவதில் பாதியை வெட்டலாம்" என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில் இவருடைய குறிப்பு: "இது வசவு இல்லை. படிங்க."

படித்தேன், திரும்பத் திரும்பப் படித்தேன். என் உடம்பு, என் உடை, என் வீட்டு ஆண்கள் என்று எல்லாவற்றையும் பற்றி ஊரே பேசி முடித்த பிறகு நான் எழுதியதில் குறை சொன்ன முதல் மனிதர் அவர். அந்த விமர்சகர் யாரோ, அவருக்கும் நன்றி.

பண்பாட்டு வாழ்க்கையின் எல்லா அம்சங்களிலும் பங்கேற்கப் பெண்களுக்குச் சம உரிமை உண்டு என்று 1979-இலேயே பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா.வின் சீடா உடன்படிக்கை 13-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. வக்கீல் தோழி காட்டியபோது, மேடை ஏற விடுகிறார்களே, அந்த உரிமைக்கு என்ன குறைச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மேடை ஏறியவளின் நாடகத்தைப் பற்றி ஒருவரும் பேச முடியாதபடி செய்துவிட்டால், ஏற்றியும் என்ன புண்ணியம்? அடுத்து எழுத நினைக்கிற பெண்ணும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். அவள் எழுதாமலே விட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது, யாரும் அதை ரிப்போர்ட் பண்ணவும் முடியாது.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காசு வாங்காமல் புகார் எழுதிக் கொடுத்த தோழி, என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்ட தம்பி, நான் பேட்டிக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் என் பக்கத்து நியாயத்தை எழுதிய நிருபர், ஒத்திகையை ஒரு நாளும் நிறுத்தாத குழு, ரிப்போர்ட் பட்டனைத் தேடித் தேடி அழுத்திய முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நன்றி.

இனி வேறு எந்தப் பெண்ணுக்காவது இப்படி நடந்தால் எனக்கு எழுதுங்கள், ஷீட்டை நான் போடுகிறேன். எப்படி என்று இப்போது தெரியும், இரண்டாவது ஷீட் உட்பட.

நாடகம் மறுபடியும் மேடைக்கு வருகிறது. கடைசிக் காட்சியில் அப்பாவின் பேச்சைப் பாதியாக வெட்டிவிட்டேன். அப்பாவாக நடிக்கிறவருக்குத்தான் என் மேல் பயங்கரக் கோபம்.