ஹாமரையும் சேர்த்துக்கொள், கண்ணு

அன்பு மகளுக்கு,

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களின் பேச்சையும் எழுத்தையும் பற்றிய உன் கட்டுரைக்காக நேற்று போனில் நீ கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங் சாந்தம், மால்கம் எக்ஸ் கோபம் என்று எழுதிவிடட்டுமா என்றாய். வேண்டாம்மா. கிங்கின் கோபத்தை நீ இன்னும் படிக்கவில்லை.

1963 ஏப்ரலில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தை எடு. உரிமைக்காகப் போராடாமல் பொறுமையாக இருங்கள் என்று புத்தி சொன்ன எட்டு வெள்ளைக்கார மதகுருக்களுக்குப் பதில் அது. செய்தித்தாளின் ஓரத்தில்தான் எழுதத் தொடங்கினார். அதில் ஒரு வாக்கியம் முந்நூறு சொற்களைத் தாண்டிப் போகும். கொலைவெறிக் கும்பல், போலீஸ்காரரின் உதை, கேளிக்கைப் பூங்கா உனக்கில்லை என்று ஆறு வயது மகளிடம் சொல்ல நா எழாத தகப்பன் என்று அடுக்கிக்கொண்டே போவார், முற்றுப்புள்ளி வராது. வாய்விட்டுப் படி. மூச்சு முட்டும். காத்திருப்பது என்றால் என்னவென்று அந்த மதகுருக்களுக்கு அப்படித்தான் புரியவைத்தார். அந்த மகள் வரும் இடத்தில் எனக்கு இன்றும் குரல் கம்மிவிடுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ல் லிங்கன் நினைவகத்தில் பேசியபோது கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று தேவாலயப் பாடகி மகாலியா ஜாக்சன் குரல் கொடுத்தார். கையிலிருந்த உரையை விட்டுவிட்டு, எனக்கொரு கனவு உண்டு என்ற ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொன்னார் கிங். கூட்டம் குரல் கொடுக்க இடம்விட்டுப் பேசும் தேவாலயப் பழக்கம் அது.

மால்கம் சிறையில் அகராதியைப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்துச் சொல் கற்றவர். 1964 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் வாக்குச்சீட்டா தோட்டாவா என்று பேசியபோது அந்தப் படிப்பை எங்கும் காட்டவில்லை. வாக்கியங்கள் சின்னச் சின்னவை, தெருவில் புழங்கும் சொற்கள். எதிரே இருந்த தன் மக்களிடம் வீட்டு ஆள் போலப் பேசினார்.

இவர்களோடு, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்குப் போராடிய ஃபேனி லூ ஹாமரையும் சேர்த்துக்கொள். ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனவர். 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் பெயரையும் முகவரியையும் சொல்லித் தொடங்கினார். வாக்காளராகப் பதியப் போனது, வேலை போனது, சிறையில் அடிபட்டது எல்லாவற்றையும் சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல வரிசையாகச் சொன்னார். அவர் பக்கமிருந்து கேமராக்களைத் திருப்ப அதிபர் ஜான்சனே அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். ஆனாலும் அன்றிரவு தொலைக்காட்சிகள் ஹாமரின் பேச்சை ஒளிபரப்பின. பதிவு கிடைக்கிறது, முதலில் அதைக் கேள்.

எழுதியதும் அனுப்பு. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா