நேராக ஓடாத வண்டி

அன்பு மகளுக்கு,

பேரனுக்கு நீ வாங்கியிருக்கும் ரோபோ வண்டி செய்யும் பெட்டியின் படங்களைப் பார்த்தேன். புரோகிராமை ஏற்றி இயக்கும் சிறு கணினியான அர்டுயினோ ஊனோ பலகை, மஞ்சள் நிற கியர் மோட்டார்கள் இரண்டு, அந்தப் பலகையின் கட்டளைப்படி மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் எல்298என் மோட்டார் டிரைவர், தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் என்று அவன் வயதுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. அதனுடன் வந்திருக்கும் முழு புரோகிராமை மட்டும் இப்போதைக்கு அவனிடம் காட்டாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதைப் பலகையில் ஏற்றிவிட்டால் வண்டி அன்று மாலையே சுவரைக் கண்டு விலகி ஓடும். ஏன் விலகுகிறது என்று கேட்கவேண்டிய தேவையே அவனுக்கு எழாமல் போய்விடும்.

பூட்டும் வேலையை அவனே செய்யட்டும். அக்ரிலிக் தட்டின்மேல் ஒட்டியிருக்கும் தாளை உரித்துவிட்டுத் தொடங்கச் சொல். திருகுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் தட்டு விரிசல் விடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. மோட்டாரின் செப்புத் தகடுகள் மிக மெல்லியவை, எளிதில் ஒடிந்துவிடும். ஆகவே வயரை அவற்றில் பற்றவைப்பதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். பேட்டரியின் மைனஸ் முனை, டிரைவரின் கிரவுண்ட் (அதன் மைனஸ் முனை), அர்டுயினோவின் கிரவுண்ட் மூன்றும் ஒன்றாக இணைந்திருக்கவேண்டும். மற்ற வயர்கள் எல்லாம் சரியாக இருந்து இந்த ஓர் இணைப்பு மட்டும் விட்டுப்போனாலும், பலகை அனுப்பும் கட்டளை டிரைவருக்கு விளங்காது.

செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரியை வைக்காதே. மோட்டார்கள் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அதனால் தரமுடியாது. வோல்டேஜ் சரிந்து, பலகை தானாக அணைந்து மீண்டும் தொடங்கும், குழந்தையோ தன் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்து வருந்தும். மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல்கள் ஆறு வைத்தால் 7.2 வோல்ட் கிடைக்கும். அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை டிரைவரே வெப்பமாக்கிவிட்டாலும், மீதியுள்ள 5 வோல்ட் சொச்சம் இந்த மோட்டார்களுக்குப் போதுமானது.

முதல் புரோகிராம் ஒரே ஒரு சக்கரத்தை இரண்டு விநாடி சுழற்றி நிறுத்துவதாக மட்டும் இருக்கட்டும். அடுத்தது மற்றச் சக்கரத்துக்கு. மோட்டார்கள் எதிரெதிராகப் பூட்டப்பட்டிருப்பதால் ஒன்று பின்பக்கமாகச் சுழல வாய்ப்புண்டு. வயர் இரண்டையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்பதை நீ சொல்லாதே.

நான் உண்மையில் எதிர்பார்த்துக் காத்திருப்பது அதற்கடுத்த கட்டத்தை. இரண்டு மோட்டாருக்கும் 200 என்ற ஒரே வேக எண்ணைக் கொடுத்து வண்டியைத் தரையில் விட்டால் அது பெரும்பாலும் நேராக ஓடாது, ஒரு பக்கமாக வளைந்து போகும். கோவையில் பம்ப் மோட்டார்களோடு என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே அளவுக் கம்பியில் ஒரே கை சுற்றிய இரண்டு மோட்டார்கள்கூட முழுக்க ஒன்றுபோல் ஓடுவதில்லை. கியரின் உராய்வு, சக்கரம் அச்சில் உட்கார்ந்திருக்கும் விதம், பேட்டரியின் எடை எந்தப் பக்கம் விழுகிறது என்பது எல்லாமே அந்த வளைவில் சேர்ந்திருக்கும். அவன் தரையில் சாக்பீஸால் ஒரு நீண்ட கோடு போட்டு, வேகமாக ஓடும் பக்கத்து எண்ணைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வண்டி கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை நோட்டில் எழுதட்டும். எண்ணை மிகவும் குறைத்தால் மோட்டார் முனகுமே தவிர சுழலாது. பேட்டரி இறங்க இறங்கப் பழைய எண்கள் பொருந்தாமலும் போகலாம். புரோகிராமில் 200 என்றால் எப்போதும் 200தான். தரையில் அப்படி இல்லை. இந்த இடைவெளியைத் தன் கையால் தொட்டுப் பார்ப்பதற்காகவே ஒரு குழந்தை ரோபோ செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

திரும்புவதற்கான வரிகளை எழுதுமுன் அவனையே கூடத்தில் நடந்து பார்க்கச் சொல். லோகோ என்பது குழந்தைகளுக்கான கணினி மொழி, அதில் கட்டளை கொடுத்து ஓர் ஆமையை நகர்த்துவார்கள். 1967இல் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பர்ட், குழந்தை தன்னையே அந்த ஆமையாக எண்ணி நடந்து பார்த்தால் வடிவியல் உடம்புக்கே புரியும் என்று கருதினார். வலப்புறம் திரும்ப எந்தக் கால் அதிகம் நகர்கிறது என்று கவனித்தவனுக்கு எந்தச் சக்கரத்தை ஓட்டவேண்டும் என்பதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

சென்சாரைக் கடைசியில் இணையுங்கள். அது நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. போய்வந்த நேரத்தை மைக்ரோவிநாடியில் எடுத்து 58ஆல் வகுத்தால் தூரம் செண்டிமீட்டரில் வரும். அந்த 58 எங்கிருந்து வந்தது என்று ஒலியின் வேகத்தைக் கொண்டு அவனோடு சேர்ந்து நீயும் கணக்குப் போட்டுப் பார். சுவரைக் கண்டு நிற்கும் வண்டி திரைச்சீலையில் போய் முட்டக்கூடும், சாய்ந்த பலகையையும் கவனிக்காமல் போகலாம். அப்போது காரணத்தை அவன் யோசிக்க நேரம் கொடு. மறுநாள் வரை ஆனாலும் பரவாயில்லை.

இங்கே நானும் அதே வகை மோட்டார்கள் இரண்டு வாங்கி ஒரு வண்டி பூட்டப் போகிறேன். அவன் கண்டுபிடித்த இடது, வலது எண்களை அடுத்த முறை பேசும்போது என்னிடம் சொல்லச் சொல். என் வண்டிக்கு வேறு எண்கள்தான் வரும். ஏன் என்று அவனிடமே கேட்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா