செட்டியாருக்கு ரவைதான் அரிசி

அன்புள்ள கீதா,

உன் லெட்டர் வந்துச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, கோச்சுக்காதே. இங்க எல்லாரும் சௌக்கியம், எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அவருக்கு பிபி மாத்திரையோட இப்போ சுகர் மாத்திரையும் சேர்ந்துடுச்சு. அதனால எங்க வீட்ல மாத்திரை அட்டைக்கு பஞ்சமே இல்லடி, ஏன் சொல்றேன்னு கீழ வரும் பாரு.

பேத்தி அவ பார்பிக்கும் சாமான் வேணும், கொலுல வைக்கற மரப்பாச்சிக்கும் வேணும்னு அடம் பிடிக்கறான்னு எழுதியிருந்தியே, முதல்ல ரெண்டையும் ஸ்கேல் வச்சு அளந்துக்கோ. பார்பி பதினொன்னரை இன்ச், அதாவது ஒரு ஆளோட ஆறுல ஒரு பங்கு. உங்க மரப்பாச்சி ராணி, உங்கம்மா குடுத்தாங்களே, அது ஒரு 6 இன்ச் இருக்கும்ல, அப்போ அது கிட்டத்தட்ட 12ல ஒரு பங்கு, நமக்கு ஒரு அடின்னா அவளுக்கு ஒரு இன்ச். இது மனசுல பதிஞ்சுட்டா போதும், குப்பைக்கூடைல கிடக்கறதெல்லாம் என்னன்னு தானா தெரிஞ்சுடும். கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில் மூடி பார்பிக்கு சாப்பாட்டு தட்டு, அதே மூடி மரப்பாச்சிக்கு பெரிய தாம்பாளம். யூட்யூப்ல காட்றாங்களே, எதையாவது வெட்டி ஒட்டி அது மேல தங்க பெயிண்டா அடிச்சு மூடிடறது, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, தட்டு மாதிரி இருக்கறதை தட்டா வச்சா போதும், பெயிண்ட் எதுக்கு?

எனக்கு ரொம்ப பிடிச்சது செட்டியார் கடைதான். மதுரை பக்கத்துல விளாச்சேரில வாங்கின செட்டியார் பொம்மை ஜோடி, உக்காந்த நிலைல மூணு இன்ச்சுக்குள்ளதான் இருக்காங்க, அவங்க முன்னாடி நிஜ அரிசி பருப்பை வைக்கறது வழக்கம், மாமியார் காலத்துலேர்ந்து அப்படித்தான். ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாரேன், அந்த சைசுக்கு ஒரு அரிசி நம்ம விரல் நீளம் இருக்கும்டி! அதனால நான் ரவையத்தான் அரிசி மூட்டைல போடறேன், லேசா வறுத்துட்டு போட்டா வண்டு வராது. மிளகு எலுமிச்சம்பழம் சைசுக்கு வரும், மஞ்சள் கலர் தடவி கூடைல வச்சா எலுமிச்சம்பழமேதான், கடுகு நெல்லிக்காய். பெரியவங்க யாராவது வந்து நிஜ அரிசி எங்கம்மான்னு கேப்பாங்க, அவங்களுக்காக ஓரமா ஒரு கிண்ணத்துல அதையும் வச்சிடறது, எதுக்கு வம்பு.

மூட்டைக்கு சாக்குத் துணியவே வெட்டலாம்னு தோணும், வேண்டாம், அந்த இழை பொம்மைக்கு கயிறு மாதிரி தடியா தெரியும். காயத்துக்கு கட்டற பேண்டேஜ் துணிய டீத்தண்ணில முக்கி காயவச்சு தைச்சுப் பாரு, அச்சு அசல் சணல் மூட்டை. தராசுக்கு ஈர்க்குச்சி, ரெண்டு பாட்டில் மூடி, நூல், அவ்ளோதான். கல்லாப்பெட்டி தீப்பெட்டிதான், பழுப்பு கலர் கல்யாண பத்திரிகை அட்டை சுத்தி ஒட்டினா மர கலர் வந்துடும், உள்பெட்டி இழுக்கவும் வரும், அதைத்தான் பசங்க திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்கறாங்க.

இப்போ மாத்திரை அட்டைக்கு வரேன். கேப்ஸ்யூல் வர்ற கண்ணாடி மாதிரி அட்டை இருக்குல்ல, அதோட பின்னாடி அலுமினியத்தை உரிச்சுட்டு ஒவ்வொரு குமிழையும் தனியா வெட்டி, உள்ள கலர் கலரா ஜவ்வரிசி உடைச்சுப் போட்டு, தட்டையான பக்கத்தை அலமாரி பின்சுவத்துல ஒட்டிடு. முன்னாடிலேர்ந்து பாத்தா மிட்டாய் ஜாடி வரிசையா நிக்கும், பாதி ஜாடின்னு யாருக்குமே தெரியாது. டக்குனு ஒட்டிக்கற பசை மட்டும் போடாதே, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மேல அது வெள்ளையா பூத்துடும், சாதா வெள்ளை பசை வச்சு பொறுமையா காயவிடு. அட்டை ஓரம் கத்தி மாதிரி இருக்கும், பேத்திகிட்ட குடுக்காம நீயே வெட்டு. மைதா பசையும் வேண்டாம், கரப்பான் மேஞ்சுடும்.

அப்புறம் மாத்திரை டப்பாக்குள்ள மடிச்சு வச்சிருக்கற பேப்பர், கண்ணுக்கே தெரியாத எழுத்துல இருக்குமே, யாராவது அதைப் படிப்பாங்களா? அதை நாலா மடிச்சு செட்டியார் பக்கத்துல போடு, அன்னிக்கு வந்த நியூஸ் பேப்பர்!

ராணிக்கு புடவைன்னு கேட்டியே, பட்டுப்புடவை துண்டு வேண்டாம், விறைப்பா குடை மாதிரி நிக்கும். பழைய துப்பட்டா மெல்லிசா இருக்கும்ல, அதுல கொசுவம் வச்சு தண்ணி தெளிச்சு க்ளிப் போட்டு காயவிட்டா அப்படியே படியும், கரைக்கு ஸ்வீட் டப்பா மேல கட்டற ஜரிகை ரிப்பன். டூத்பேஸ்ட் மூடிக்கு செத்துப்போன சார்ஜர் வயர்லேர்ந்து செம்பு கம்பி உருவி கைப்பிடி போட்டா வாளி.

ஆன்லைன்ல இதெல்லாம் செட்டாவே கிடைக்குது, விலையும் கம்மிதான், ஆனா எல்லார் வீட்டு கொலுலயும் அதே பச்சை கத்தரிக்காய்தான் உக்காந்திருக்கு. பாத்து பாத்து சலிச்சுப் போச்சு.

உன் பையன் வேலை விஷயம் என்னாச்சு, ஒண்ணுமே எழுதல? புரட்டாசில வர்றப்போ உங்க வீட்டு பழைய கல்யாண பத்திரிகைங்கள மறக்காம எடுத்துட்டு வா, எங்க வீட்ல தீந்து போச்சு.

உன்,
வசந்தி