சீருடையைக் கழற்றிவிட்டு மண்ணைப் படிக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பொறியாளர் படையில் உன் பணிக்காலம் முடிந்து தொல்லியல் முதுகலையில் சேர்ந்துவிட்டாய் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் நிறைந்த சந்தோஷம். இந்த வயதில் மாணவியா என்று யாராவது கேட்டால் மார்ட்டிமர் வீலரைச் சொல். 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கரையில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையோடு இறங்கிய பிரிகேடியர் அவர். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. போருக்கு முன்பே அவர் பெயர் பெற்ற அகழாய்வாளர்தான். ஆனாலும் பட்டாளத்திலிருந்து குழிக்கு எதைக் கொண்டுவரலாம், எதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவரைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கொண்டுவர வேண்டியது ஒழுங்கு. அவருக்கு முன் மொகஞ்சதாரோவில் பொருள்களை ஒரு நிலையான மட்டத்திலிருந்து இத்தனை அடி ஆழம் என்று மட்டும் குறித்தார்கள். மேடு சரிவாக இருக்கும். பழைய தரையும் சரிந்தே கிடக்கும். ஒரே ஆழத்தில் கிடைத்த இரண்டு பானை ஓடுகளுக்கு நடுவே பல தலைமுறை இடைவெளி இருக்கலாம். அதனால் ஆழத்தைக் குறித்தால் போதாது, எந்த மண்ணடுக்கு என்பதைக் குறிக்க வேண்டும். வீலர் அழுத்திச் சொன்னது இதைத்தான்.

அதற்காகத்தான் கட்டம் போட்டுத் தோண்டுவது. ஐந்து மீட்டர் சதுரம் எடுத்து, நான்கு பக்கமும் உள்ளே அரை மீட்டர் விட்டால் நான்குக்கு நான்கு குழி கிடைக்கும். பக்கத்துக் குழிக்கு நடுவே ஒரு மீட்டர் மண் தடுப்பு நிற்கும். அடுக்குகளைப் படிக்கும் புத்தகம் அந்தத் தடுப்பின் சுவர்தான். அது செங்குத்தாக இருக்கிறதா என்று தூக்குக் குண்டு கட்டி அடிக்கடி பார். அடியில் குடைந்துவிட்டால் ஒரு மழைக்கே சரியும். இரண்டு குழியின் சாட்சியும் ஒன்றாகக் கலந்துவிடும். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கவே கூடாது. பாரத்தில் சுவர் விழும், ஆளும் உள்ளே போவார்.

முதலில் குழியின் மூலையில் சுமார் இரண்டரை அடிச் சதுரத்தில் ஒரு சிறு சோதனைக் குழியை நீயே உன் கையால் இறக்கு. கீழே என்ன அடுக்கு வரப்போகிறது என்று அது முன்கூட்டிச் சொல்லும். பிறகுதான் ஆட்களை விட்டு அடுக்கு அடுக்காக உரிக்க வேண்டும். ஒரு அடுக்கை வெட்டிக்கொண்டு பழைய குப்பைக்குழி இறங்கியிருந்தால், அந்தக் குழி மண்ணைத்தான் முதலில் எடுக்க வேண்டும். அது பிற்காலத்தது. சேர்த்து எடுத்தால் பின்னாள் காசு முன்னாள் தரையில் கிடந்ததாகப் பதிவாகி, காலக்கணக்கே கவிழும். வெயிலில் காய்ந்த சுவரில் அடுக்கு தெரியாது. கரணையால் லேசாகச் சுரண்டி, நீர் தெளித்து, காலை வெயில் ஏறுமுன் பார்.

முக்கியமான பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு: முளைக்கயிற்றின் வழியே எவ்வளவு, அதிலிருந்து விலகி எவ்வளவு, கீழே எவ்வளவு. ரசமட்டம் பிடிக்காமல் எடுத்த ஆழத்தை நம்பாதே. சீட்டில் இடம், குழி, அடுக்கு, ஆழம், தேதி ஐந்தும் பென்சிலில் எழுது, மை கரையும். எழுதிய சீட்டு பொருளோடு பையிலேயே போகட்டும். இதெல்லாம் பட்டாளத்தில் உனக்குக் கைவந்த வேலை.

1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில், அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அரிக்கமேட்டில் வீலர் தோண்டியது ஏன் என்று நன்றாகக் கவனி. தென்னிந்தியப் பானைகளுக்கு அதுவரை உறுதியான காலக்கணக்கு இல்லை. இத்தாலியில் காலம் தெரிந்த அரெட்டைன் செம்பாண்டமும் உள்ளூர்ப் பானையும் ஒரே அடுக்கில் கிடைத்தால், ஒன்றின் வயதை மற்றதற்குச் சொல்லலாம். ஒரு கேள்வியோடு போய், அதற்குப் பதில் தரும் இடத்தைத் தேர்ந்து தோண்டினார். 1946 ஜூலையில் அறிக்கையே வந்துவிட்டது! அந்த வேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தோண்டிவிட்டு அறிக்கை எழுதாமல் விடுவது அழிப்பதற்குச் சமம். அந்த மண்ணை இரண்டாம் முறை யாராலும் தோண்ட முடியாது. அவர் சொன்ன காலம் அப்படியே நிற்கவில்லை என்பதும் உண்மை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோது, அவ்வூரின் தொடக்கமும், உட்புறத்தில் வரிவரியாகப் புள்ளி பதித்த ரவுலட்டட் பாண்டமும் வீலர் கணக்கைவிட முந்தையவை என்று தெரிந்தது. ஆனால் அவர் தெளிவாகப் பதிப்பித்திருந்ததால்தான் அதைத் திருத்த முடிந்தது.

வாசலிலேயே விட வேண்டியது போர்க்களக் கண். 1946இல் ஹரப்பாவில் மதிலைக் கண்டதும் வீலருக்குக் கோட்டை தெரிந்தது. மொகஞ்சதாரோ தெருக்களிலும் வீடுகளிலும் முன்பே கிடைத்திருந்த எலும்புக்கூடுகளை ஆரியப் படையெடுப்பின் கடைசி நாள் படுகொலை என்று எழுதிவிட்டார். 1964இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அதைப் பிரித்துப் பார்த்தார். அந்த எலும்புகள் ஒரே காலத்தவை என்பதற்கே ஆதாரமில்லை. கோட்டைப் பகுதியில் ஒரு சடலமும் இல்லை. பின்னர் கென்னத் கென்னடி எலும்புகளை ஆராய்ந்தபோது, வெட்டுக் காயத்தால் இறந்த அடையாளமும் அநேகமாக இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அந்த எலும்புக்கூடுகள் அடுக்குப் பதிவில்லாமல் எடுக்கப்பட்டவை. அந்தக் குறையை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவரே அதன் மேல் ஒரு போரைக் கட்டினார். நீயும் சுவர் என்றால் அரண், சாம்பல் என்றால் தீவைப்பு என்று நினைக்கப் பழகியவள். வெள்ளத் தடுப்பா, அடுப்புச் சாம்பலா என்று முதலில் கேள்.

பின்னாளில் துறைத் தலைமை கைக்கு வந்தால் தட்சசீலத்தை நினைத்துக்கொள். வீலர் இந்தியா வந்த ஆண்டே அங்கே பயிற்சிப் பள்ளி நடத்தி, அளப்பது, வரைவது, படமெடுப்பது எல்லாவற்றையும் களத்திலேயே கற்றுக்கொடுத்தார். பி.பி. லால், பி.கே. தாப்பர் இருவரும் அவரிடம் பயின்றவர்கள். பிறகு இருவருமே அத்துறையின் தலைமை இயக்குநர்கள். லண்டனில் 1937இல் தொல்லியல் நிறுவனம் திறந்ததில் அவர் மனைவி டெசாவின் உழைப்பு பெரும்பங்கு. திறப்பைப் பார்க்க அவர் இல்லை, 1936லேயே காலமாகிவிட்டார். உன்னோடு உழைப்பவர்களின் பெயரை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடு. மாணவர்களிடம் அதட்டல் வேண்டாம்; பயந்த பையன் தவறான அளவை மறைத்துவிடுவான்.

கரணை வாங்கும்போது கொத்தனார் கரணை வேண்டாம், அகலம் அதிகம். நான்கு அங்குல அலகு, அலகும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததாகப் பார். ரிவெட் வைத்தது சரளை மண்ணில் இரண்டாம் வாரமே ஆடத் தொடங்கும். இரண்டாக வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா