தண்ணி ஓவியப் போட்டியும் தொறந்தே கிடந்த குழாயும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மார்ச் 22 வந்தா போதும், உலக தண்ணீர் தினம்னு எல்லா பேப்பர்லயும் ஒரே படம்தான், வெடிச்சுப்போன தரை, பக்கத்துல ஒரு காலி குடம். உங்க பேப்பரும் அப்படித்தான், கோச்சுக்காதீங்க. 1993ல இருந்து இந்த நாள கொண்டாடுறாங்க, அந்தப் படத்த பாத்துட்டு ஒருத்தராவது எழுந்துபோய் குழாய மூடியிருப்பாரான்னு எனக்கு டவுட்டுதான். அய்யோ பாவம்னு தோணும், பக்கத்த திருப்பிடுவோம்.

கலை மூலமா தண்ணி சேமிக்கிறத சொல்லித்தரலாம்னு எல்லாரும் பேசுறாங்க, நானும் அத நம்புற ஆளுதான், ஆனா எந்த மாதிரி கலைன்னு யாரும் கேக்குறதில்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல அணையெல்லாம் வறண்டு, குழாய் மொத்தமா நிக்கப்போற நாளுக்கு 'டே ஸீரோ'ன்னு பேரே வச்சுட்டாங்க, 2018 பிப்ரவரியில ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்னு கட்டுப்பாடு வேற. அந்த சமயத்துல அந்த நாட்டு பாடகர்கள் சிலபேர் தங்களோட ஹிட் பாட்டையே ரெண்டு நிமிஷமா சுருக்கி ரெக்கார்ட் பண்ணி விட்டாங்க. ஷவர தொறக்கும்போது பாட்ட போடணும், பாட்டு முடிஞ்சா குளியலும் முடிஞ்சுது, அவ்ளோதான் விஷயம். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போற ஷவர்னா 20 லிட்டர்ல முடிஞ்சிடும். அட்வைஸ் பண்ற பாட்டு கிடையாது பாருங்க, ஜனங்களுக்கு ஏற்கனவே வாயில வர்ற பாட்டு, அதையே கடிகாரமா மாத்திட்டாங்க. டே ஸீரோ வரல, அதுக்கு பாட்டு மட்டும் காரணம்னு நான் சொன்னா சிரிப்பீங்க, தண்ணி கட்டணத்த ஏத்துனாங்க, பைப்ல பிரஷர குறைச்சாங்க, அப்புறம் மழையும் வந்துச்சு. ஆனா ஒருத்தர் பாத்ரூம் கதவ சாத்துனதுக்கப்புறம் உள்ள வர்ற ஒரே ஆள் பாட்டுதான், அதிகாரி வர முடியாதே.

இன்னொரு கடிகாரமும் உண்டு. 2015ல பாரிஸ்ல பருவநிலை மாநாடு நடந்தப்ப ஓலாஃபுர் எலியாசன்னு ஒரு கலைஞர் கிரீன்லாந்துல இருந்து 12 பெரிய ஐஸ் பாளங்கள கொண்டுவந்து கடிகாரம் மாதிரி வட்டமா வச்சு ரோட்டுலயே உருக விட்டாரு. ஜனங்க தொட்டுப் பாத்தாங்க, கட்டிப்புடிச்சாங்க. அத கொண்டுவந்ததுலயே சுமார் 30 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியானத அவங்களே கணக்கு போட்டு சொன்னாங்க, அந்த நேர்மை எனக்கு புடிச்சிருந்துச்சு. ஆனா கை ஜில்லுன்னு ஆனதுக்கப்புறம் வீட்டுக்குப் போய் என்ன பண்ணணும்னு அந்த ஐஸ் சொல்லல. சீனாவுல செங்டு நகரத்துல பெட்ஸி டேமன்கிற கலைஞர் முன்னால நின்னு 1998ல ஒரு பூங்கா அமைச்சாங்க, ஆத்துத் தண்ணிய மேல ஏத்தி, கல்லு வழியா, செடி நிறைஞ்ச சதுப்புக் குளங்கள் வழியா விட்டு சுத்தமாக்கி மறுபடி ஆத்துலயே விடுறது, மேலருந்து பாத்தா பூங்காவே மீன் வடிவம். ஆறு முழுக்க அதுல சுத்தமாயிடாது, ஆனா தண்ணி எப்படி சுத்தமாகுதுன்னு சின்னப் பசங்க பக்கத்துல நின்னு பாக்கலாம்ல.

இப்ப நம்ம கதைக்கு வரேன். 'நீரை சேமிப்போம்'னு ஒரு ஓவியப் போட்டிக்கு ஜட்ஜா போயிருந்தேன். அழுற பூமி, சொட்டுற குழாய், ரெண்டு கை, அழுற பூமி, சொட்டுற குழாய்... இப்படியே ஒரு கட்டு. வரைஞ்சு முடிச்சு பிரஷ் கழுவ எல்லாரும் ஒரே குழாய்க்கு ஓடுனாங்க, கடைசிப் பிள்ளை போறவரைக்கும் குழாய் தொறந்தே கிடந்துச்சு, நானும் மார்க் போட்டுக்கிட்டு இருந்தேனே தவிர எழுந்து மூடல. பரிசு என்ன தெரியுமா, 'தண்ணீரைக் காப்போம்'னு அச்சடிச்ச காட்டன் டீஷர்ட். பருத்தி விளையுறதுல இருந்து கணக்கு போட்டா ஒரு காட்டன் சட்டைக்கு சுமார் 2,500 லிட்டர் தண்ணி போகுது.

அதனால ஒரு ரிக்வெஸ்ட். அடுத்த மார்ச்ல நீங்க போட்டி வச்சா, முதல்ல பிள்ளைங்கள வீட்டுல சொட்டுற குழாய்க்கு அடியில பத்து நிமிஷம் ஒரு டம்ளர வைக்கச் சொல்லுங்க. செகண்டுக்கு ஒரு சொட்டுன்னாலே ஒரு நாளைக்கு 20 லிட்டர் வரைக்கும் போகலாம், அத அவங்களே அளந்துட்டு வந்து என்ன பாத்தாங்களோ அத வரையட்டும், நல்லா இருக்கிறத அந்தக் காலி குடம் படத்துக்கு பதிலா போடுங்க. பிரஷ் கழுவ குழாய் வேணாம், அழுக்குக்கு ஒரு டப்பா, அலசுறதுக்கு ஒரு டப்பா போதும், அக்ரிலிக் பெயிண்ட்னா அது பிளாஸ்டிக், டப்பாவுக்கு அடியில பெயிண்ட தங்கவிட்டு அத குப்பையில போடணும், சிங்க்ல ஊத்தக்கூடாது.

ஜட்ஜ் வேணும்னா சொல்லி அனுப்புங்க, வரேன். டீஷர்ட் மட்டும் வேணாம்.

இப்படிக்கு,
உங்க பேப்பர ரொம்ப நாளா படிக்கிற ஒரு வாசகர்