டூ ஸ்ட்ரோக்கே வாங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். நின்றுகொண்டு ஓட்டுகிற ஜெட் ஸ்கியில், அந்தத் தண்ணீர் ஸ்கூட்டரில், குட்டிக்கரணம் அடிக்கப் போகிறாய் என்றதும் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. எனக்கும் பயம்தான். ஆனாலும் ஆசைப்பட்டுவிட்டாய், சரியான வண்டியில் செய் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்ரீஸ்டைல் என்கிற இந்தக் குட்டிக்கரண வித்தைக்கு எடைதான் முதல் கணக்கு. வண்டி மொத்தமும் தண்ணீரை விட்டு எழும்பிச் சுழல வேண்டும். உனக்குப் பிடித்த கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் 1,498 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். நேராக விரட்ட அருமையான வண்டி. ஆனால் 250 கிலோ! 2021-லிருந்து வருகிற யமஹா சூப்பர்ஜெட் 1,049 சிசி, அதுவும் ஃபோர் ஸ்ட்ரோக், 170 கிலோ வாக்கில் இருக்கிறது. 2020 வரை வந்த பழைய சூப்பர்ஜெட் 701 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். காலி எடை 140 கிலோவை ஒட்டித்தான். த்ராட்டிலைத் தொட்டதும் பழைய ஆர்எக்ஸ் 100 மாதிரி சட்டென்று பாயும். உதிரி பாகமும் தாராளமாகக் கிடைக்கும். நீ அதை வாங்கு.

ஃப்ரீஸ்டைலுக்கென்றே தனியாகச் செய்கிற கார்பன் ஃபைபர் ஹல், அதாவது வண்டியின் உடல்கூடு, இப்போது வேண்டாம். குட்டையாக இருப்பதால் மெதுவாகப் போகும்போது ஆடும், காசையும் விழுங்கும். இந்த வண்டியிலேயே கால் நுழைக்கிற ஃபுட்ஹோல்டும், உள்ளே ஏறுகிற தண்ணீரை வெளியேற்றுகிற நல்ல பில்ஜ் பம்பும் போட்டுப் பழகு. தலைகீழாக விழுந்து எழும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் ஏறும், அந்தப் பம்ப் இல்லாமல் ஓட்டாதே.

பழைய வண்டி என்பதால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நீ போய்ச் சேரும் முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிடு. போனதும் சிலிண்டர் ஹெட்டில் கை வை. சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை உனக்குக் காட்ட விரும்பவில்லை என்று அர்த்தம். அப்புறம் இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் ஒயர்களை எர்த் செய்துவிட்டு, த்ராட்டிலை முழுக்க அழுத்திக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம், எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கும், விட்டுவிடு. பின்பக்கம் குனிந்து, தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளுகிற ஜெட் பம்புக்குள் டார்ச் அடி. உள்ளே சுழல்கிற விசிறியான இம்பெல்லரின் ஓரம் நசுங்கியிருந்தாலும், அதைச் சுற்றியிருக்கிற வளையம் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தாலும் இழுவை இருக்காது. ஹல்லின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போ. சத்தம் மாறுகிற இடத்தில் ஒட்டுப்போட்டிருப்பார்கள்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது 50-க்கு 1. பைக் ஆயில் ஊற்றாதே, டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட படகு ஆயில்தான் வேண்டும். ஃப்ளோரிடாவில், தாம்பாவில் உப்புத்தண்ணீரில் ஓட்டப் போகிறாய், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதில் வரிசை முக்கியம்: எஞ்சினை ஓடவிட்டுவிட்டு ஹோஸைத் திற, முடிக்கும்போது ஹோஸை மூடிவிட்டு எஞ்சினை நிறுத்து. மாற்றிச் செய்தால் சைலன்சர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடும். கவிழ்ந்த வண்டியையும் பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் காட்டும் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும், காரணம் இதேதான்.

ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் படகுப் பாதுகாப்பு அட்டை வேண்டும். நீயும் அதில் வருகிறாய், முதலில் அதை எடு. காற்றடைக்கிற லைஃப் ஜாக்கெட் அங்கே ஜெட் ஸ்கிக்குச் செல்லாது, ஃபோம் வைத்ததை வாங்கு. நீ விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற கயிறான லேன்யார்டைக் கையில் மாட்டாமல் ஸ்டார்ட் பண்ணாதே. ஹெல்மெட்டும் போடு, சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அப்பா கேட்கிறேன்.

கம்ப்ரஷன் அளவையும் பிளக் முனைகளின் படத்தையும் அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடு.

அன்புடன்,
அப்பா